அரையே இருமா

சவரக் கத்தியை வாரில் தீட்டியபடி
குவாக்கோ கேட்டுக்கொண்டிருந்தான்,
காது இல்லாதவன் போல.

பிலடெல்பியா. ஜூலை.
செங்கல் மண்டபத்தில் சன்னல்களைச் சாத்திவிட்டார்கள்.
வண்டிச் சத்தம் பேச்சைக் கலைக்காதிருக்க
தெருவெல்லாம் மண் கொட்டிப் பரப்பியிருந்தது.
மண் சுமந்தவர்களில் இருவரை அவனுக்குத் தெரியும்.
ஒருவன் இன்னும் முதுகை நிமிர்த்தவில்லை.

விடுதி மாடியில் மட்டும் கொஞ்சம் காற்று.
கரோலினா நெல்வயல்களின் எஜமான்
அண்ணாந்து தொண்டையை நீட்டிக்கொண்டு
பேசிப் பழகினார்:
"எங்கள் ஆட்களையும் எண்ண வேண்டும், கனவான்களே,
தலைக்கு ஒன்று, முழுசாக."
நுரைக்கடியில் குரல்வளை ஏறி இறங்கியது.
கத்தி வழிவிட்டு நின்றது.

முழுசாகவா?
ஒரு மூச்சு நேரம் குவாக்கோ நம்பிவிட்டான்.
பிறகு புரிந்தது:
தலை இவனுடையது,
அதைக் காட்டி வாங்கும் நாற்காலி அவருடையது.

எண்ணவே கூடாது என்றாராம் வடக்கத்திக்காரர் ஒருவர்.
அப்படியானால் எங்கள் குதிரைகளையும் எண்ணுங்கள் என்றாராம்.
துணி எடுக்க வந்த டாமரிஸ் படிக்கட்டில் சொன்னாள்.
நல்லவர், அடிமைத்தனம் ஆகாது அவருக்கு,
சட்டைக் கழுத்தில் எப்போதும் மசிக்கறை.
குவாக்கோ சிரித்தான்.
விற்கிறவன் முழு ஆள் என்கிறான்,
இரக்கப்படுகிறவன் பூஜ்யம் என்கிறான்.

அன்று சாயங்காலம் பூட்ஸைக் கழற்றக் காலை நீட்டி
எஜமான் சொன்னார்:
"ஐந்தில் மூன்று."
மீன்கடையில் விலை படிந்த குரல்.

என் மொழியின் பழைய வாய்ப்பாட்டில்
அதற்குப் பெயர் உண்டு: அரையே இருமா.
நிலம் அளக்க, நெல் அளக்க, பொன் அளக்க.
ஆளை அளந்ததில்லை என்று எழுத வந்தேன்.
கை நின்றுவிட்டது.
வயலோடு ஆளையும் சேர்த்து விற்ற ஓலைகள்
எங்களிடமும் இருக்கின்றன,
சாட்சிக் கையெழுத்தோடு.

எனாக் விட்லாக் படியெழுதுகிறவன்.
தலைக்கு இவ்வளவு கூலி என்றில்லை, பக்கத்துக்கு.
அந்தச் சொல் எப்போது வருமென்று பார்த்துக்கொண்டே எழுதினான்.
வரவில்லை.
"மற்றையோர்" வந்தது.
"வேலைக்குக் கட்டுப்பட்டவர்" வந்தது,
ஓடிப்போனால் பிடித்துக் கொடுக்கப்பட வேண்டியவர்.
இருபதாண்டு கப்பலில் வந்திறங்கலாம்,
தலைக்குப் பத்து டாலர் தீர்வை மிஞ்சாமல்.
எண்ணுகையில் உயர்திணை,
துரத்துகையிலும் உயர்திணை,
அர் விகுதிக்குக் குறைவே இல்லை.
எழுதிய தோல் ஓர் ஆட்டினுடையது.
முழு ஆடு.

இந்த ஊர்ச் சட்டப்படி
ஆறு மாதம் தங்கிய அடிமை விடுதலை கேட்கலாம்.
டாமரிஸ்தான் அதையும் சொன்னாள், சோப்பு நுரையைப் பார்த்தபடி.
மே மாதம் வந்தவன் விரல் மடக்கினான்.
நான்காவது விரலில்
பெட்டியைக் கட்டு என்றார் எஜமான்.

செப்டம்பர் காலை. கையெழுத்து முடிந்து மறுநாள்.
கீழே குதிரைகள் பூட்டி நின்றன.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்:
கத்தியைப் பிடிக்க மூன்று போதும்.
மற்ற இரண்டும் சும்மா காற்றில் நின்றன.
குவாக்கோ அவற்றையே பார்த்தான் வெகுநேரம்.
"வெந்நீர் ஆறிவிட்டது, ஐயா.
கொண்டு வருகிறேன்."

கத்தியை மடித்துக் கிண்ணத்தருகே வைத்தான்.
கதவை மெதுவாகச் சாத்தினான்.
தெருவில் அவர்கள் பரப்பிய மண்ணில்
செருப்புச் சத்தமே கேட்கவில்லை.

மாடியில் எஜமான் மணியடித்தார்.
மறுபடி அடித்தார்.
கண்ணாடியில் மூன்று பங்கு மழித்த முகம்.
மீதி இரண்டு பங்கில்
நுரை காய்ந்துகொண்டிருந்தது.